தண்ணீரில் காற்றைப் பிடித்து வைத்தவர்கள்

சோடா கம்பெனி மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்தக் கம்பெனி லாரியை ஓட்டியவரை மட்டும் தெருவில் எல்லோரும் இன்னும் சோடா என்றே கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. சுர்ரென்று கோபம் வந்து அடுத்த நிமிடமே அடங்கிவிடுகிற ஆள் என்பதால், பெயர் பொருத்தம்தான் என்று அவருடைய அக்காவே சொல்வார்.

அந்த லாரி அவருக்குச் சம்பளத்தோடு ஒரு பாடத்தையும் கொடுத்திருந்தது. சில்லென்ற சோடாவைத் திறந்தால் லேசாகச் சிணுங்கிவிட்டு அடங்கும். அதே சோடா வெயிலில் கிடந்திருந்தால் திறக்கிறவன் சட்டை நனையும். தண்ணீரும் அதேதான், உள்ளே அடைத்த வாயுவும் அதேதான். தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரை வாயுவைக் கரைத்துத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது, சூடு ஏறினால் கையை விட்டுவிடுகிறது. இந்தப் பாடத்தை அவர் சட்டைகளைப் பலி கொடுத்துப் படித்தார்.

அக்காவின் கதை வேறு. அம்மா இறந்த வருடமே, தம்பியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, தூரத்துப் பெரிய வீடு ஒன்றில் தங்கிச் சமைக்கப் போனவர். அந்த அடுப்படியில் அவர் நின்றதால்தான் இவர் பள்ளிக்கூடம் போனார், வண்டி ஓட்டப் பழகினார், கல்யாணமும் செய்துகொண்டார். அக்காவுக்குக் கல்யாணம் என்ற பேச்சை எடுக்க ஆள் இல்லை. எடுத்திருக்க வேண்டியவர் தான்தான் என்று சோடாவுக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

தலை நரைத்த பிறகு அக்கா ஒருவழியாக வீடு திரும்பினார். கொல்லையில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி மீன் குஞ்சு வளர்க்கத் தொடங்கினார். பெரிய வீட்டம்மா சிரித்துக்கொண்டே அனுப்பியிருந்தார்: "மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்துக்கு வேற ஆள் போட மாட்டேன். சரிப்படலைன்னா வந்துடு." குஞ்சுகள் குளத்துக்காரர் ஒருவரிடம் உயிரோடு போய்ச் சேர்ந்தால் அவர் தொடர்ந்து எடுத்துக்கொள்வார். செத்துப் போனால் அக்கா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த மாதக் கடைசியும் நெருங்கிவிட்டது.

முதல் லோடு ஏறியது. சோடா இப்போது ஓட்டுகிற குட்டி லாரியின் முதுகில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதில் அரிசியைக் கொட்டினாற்போலக் குஞ்சுகள். வண்டி பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மோட்டார் தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார்.

"வெயில் ஏறுதே தம்பி. நல்லதுதானே? சர்க்கரை சுடுதண்ணியிலதான் சீக்கிரம் கரையும். காத்தும் அப்படித்தானே?"

"அய்யோ அக்கா, காத்து அதுக்கு நேர் எதிரு. சூடு கண்டா ஓடிடும். மீனு மூச்சு விடறதே தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்தைத்தான். அதனாலதான் விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பணும்னு உயிரை விட்டேன். நீதான் பூட்டு சரியாப் பூட்டியிருக்கான்னு மூணு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தே."

பாதி வழியில், கடைகள் நெருக்கியடித்த ஒரு தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. நின்ற இடத்தில் எஞ்சின் எதற்கு ஓட வேண்டும் என்று சோடா அதை அணைத்தார். காற்று மோட்டாரை ஓடவிட்டார். அந்தக் கிழட்டுப் பேட்டரியால் எவ்வளவு நேரம்தான் தாங்க முடியும்? வழி திறந்து அவர் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் முனகியதோடு சரி. பின்னால் மோட்டாரும் வாயை மூடிக்கொண்டது.

தெரு ஆட்கள் சேர்ந்து தள்ளினார்கள். அத்தனை தண்ணீர்ப் பாரத்தோடு வண்டி அசைந்து கொடுக்கவில்லை. அந்தத் தெருவின் இஸ்திரிக் கடைக்காரர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார். பேட்டரியோடு வருகிறேன், கொஞ்சம் நேரமாகும் என்றான் அவன்.

சோடா ஏறி மூடியைத் திறந்தார். குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து, தண்ணீரின் விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா எட்டிப் பார்த்தார். தொட்டியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் விஷயம் பரவி, ஆளுக்கொரு வாளிக் குழாய்த் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார்கள்.

"ஊத்தாதீங்க! யாரும் ஊத்தாதீங்க!" என்று சோடா கத்தினார்.

வாளியைத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. உதவிக்கு வந்தவரிடம் இப்படியா கத்துவது? இஸ்திரிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க தண்ணி அவ்வளவு மட்டமா?"

"மன்னிச்சிடுங்க அண்ணே. உங்க தண்ணி சுத்தம்தான். அந்தச் சுத்தத்துக்குக் கலந்த குளோரின் அதுல கரைஞ்சு கிடக்கு. நமக்கு ஒண்ணும் பண்ணாது, இதுங்களைக் கொன்னுடும். தண்ணி வேணாம், உங்க கையைக் குடுங்க. தொட்டித் தண்ணியையே மொண்டு, ஒசரத்துல இருந்து திரும்ப ஊத்துங்க. சிதறிச் சிதறி விழுந்தா காத்து சீக்கிரம் கரையும்."

வாளிகள் தெருவில் கவிழ்ந்தன. தொட்டியைச் சுற்றி ஏறி நின்று மொண்டு ஊற்றினார்கள். இஸ்திரிக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முதல் ஆளாக ஏறினார். பேர் தெரியாத ஒருவர் ஆபீஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். யாரோ துணிக்கடையிலிருந்து பழைய போர்வையைக் கொண்டுவந்து தொட்டிக்கு நிழல் கட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்குக் குஞ்சுகள் கீழே இறங்கின. பிறகு மறுபடி மேலே வந்தன. தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. எவ்வளவு ஊற்றினாலும் சூடான தண்ணீர் காற்றைத் தங்கவிடாது என்று சோடாவுக்குத் தெரியும்.

"இதைக் குளிர வைக்கணும், இல்லேன்னா போச்சு," என்று முணுமுணுத்தார்.

தெருமுனையில் மீன் விற்கிற அம்மா அதுவரை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து, மீனுக்கு மேலும் கீழும் போட்டிருந்த ஐஸை வாரத் தொடங்கினார்.

"ஐயோ, வேணாம்மா! உங்க மீன் என்னாகும்?"

"என் மீனு செத்து எவ்வளவு நேரமாச்சு! அதுக்கு இனி என்ன அவசரம்? உன்னுது இன்னும் உயிரோட இருக்கேப்பா, பிடி."

அந்த ஐஸில் உப்பும் மீன் கவிச்சியும் கலந்திருந்ததால் அதைத் தண்ணீரில் நேரே போட முடியாது. பிளாஸ்டிக் பைகளில் கட்டி, ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார்கள். ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் குஞ்சு தாங்காது என்று சோடா கையை விட்டுப் பார்த்துப் பார்த்து அடுத்த பையை வாங்கினார். மேலே ஊற்றுவது நிற்கவில்லை. தண்ணீர் மெல்லக் குளிர்ந்தது. குஞ்சுகள் ஒரு கூட்டமாகக் கீழே போயின, இந்த முறை திரும்ப வரவில்லை. அக்கா அப்போதுதான் தொட்டியிலிருந்து கையை எடுத்தார்.

பேட்டரி வந்தது, மோட்டார் ஓடியது, வழியில் அதற்குப் பிறகு ஒரு தடங்கலும் இல்லை. குளத்துக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். ஓரமாக ஒரு கையளவு செத்துக் கிடந்தது. மற்றதெல்லாம் குளத்தில் விட்டதும் சிட்டாகப் பறந்துவிட்டன.

"தேவலையே! இந்த வெயில்ல இவ்வளவு உயிரோட வந்ததே பெரிசு. அடுத்ததும் எனக்கே கொண்டாங்க," என்றார் அவர்.

அக்கா அங்கேயே கரையில் நின்று பெரிய வீட்டம்மாவுக்குப் போன் போட்டார். "நான் வரலைம்மா. ஆமாம்மா, இனிமே வரலை. வேற ஆள் போட்டுக்கோங்க. இத்தனை வருஷம் சோறு போட்டீங்க, நல்லா இருங்க." போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "அந்த அம்மா மீனு வெயில்ல கிடக்குமே. வண்டியைத் திருப்பு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மீன்காரம்மா ஈரச் சாக்கை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முக்கால் கூடை அப்படியே இருந்தது. மீன் இன்னும் கெடவில்லை, ஆனால் இருட்டுவதற்குள் விற்றுப் போயாக வேண்டும். சோடா வழி நெடுக நன்றி சொல்ல வார்த்தை கோத்துக்கொண்டு வந்திருந்தார். கூடையைப் பார்த்ததும் அத்தனையும் மறந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்கா நன்றி சொல்லவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வாங்கம்மா, வாங்க! இன்னிக்குக் காலையில வந்த மீனு! மலிவாப் போவுது! அண்ணே, பார்க்காத மாதிரி போனா எப்படி, வந்து பாருங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சோடாவும்தான். அக்காவின் குரல் இவ்வளவு பெரியது என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. அடுத்தவர் வீட்டில் மணி அடித்தால் "இதோ வந்துட்டேன்மா" என்று சொல்வதற்கு மேல் அந்தக் குரலுக்கு வேலை இருந்ததில்லை. இனி எந்த மணிக்கும் அக்கா எழுந்து ஓட வேண்டாம். சோடாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. இஸ்திரிக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

சோடா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடையின் மறுபக்கம் உட்கார்ந்து, தானும் ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். மீன்காரம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"நீ சும்மா இருப்பா, வர்ற ஆளும் ஓடிடும். அக்காவே கூவட்டும்."

அக்காவே கூவினார்.