களியை மென்ற ஊர்

கீரை தின்றே வளர்ந்தவர்களுக்குக் கீரை தின்னச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். ஐம்பதுகளின் கடைசியில், குருபரப்பள்ளிக்கு அருகே ஒரு கிராமத்தில் தற்காலிகக் கிராம சேவிகையாக இருந்தேன். கோடைக்கேற்ற சத்துணவு சமைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா முதல் நாளே வரப்பில் பறித்த கீரையை மடியிலிருந்து என் முன்னால் கொட்டினார். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, இன்னும் எனக்குப் பேர் தெரியாத நாலைந்து.

"இதுல எத வேவிக்கச் சொல்லுது உங்க பொஸ்தகம்?" என்றார்.

புத்தகத்தில் காரட், பீட்ரூட் படம்தான் இருந்தது. புரட்டுவதுபோல் பாவனை செய்துவிட்டு மூடிவைத்தேன்.

கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்று பாடம் நடத்தினால், அந்தத் தண்ணீரில்தான் தினமும் சாறு வைக்கிறோம் என்றார்கள். மோரில் கொத்தமல்லி கிள்ளிப் போடுங்கள் என்றால், கறிவேப்பிலை வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் கடைப்பிடிக்காத விதி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. சுவரில் நான் மாட்டியிருந்த அட்டையில் அது கொட்டை எழுத்தில் இருந்தது: 'ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மென்று தின்னுங்கள்.'

அந்த ஊரில் மூன்று வேளையும் ராகிக் களி. களியைக் கிள்ளி, சாற்றில் புரட்டி, அப்படியே முழுங்க வேண்டும். மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் அப்பிக்கொண்டு வாயைத் திறக்க விடாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஊத்தங்கரைப் பக்கம் பிறந்து களி முழுங்கியே வளர்ந்தவள் நான். ஆனால் அட்டையில் களிக்கு விலக்கு எழுதியிருக்கவில்லை. எழுதாததைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூன்று மாதம் கூசாமல் "மெல்லுங்கள், மெல்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"களிய மெல்றதா? பல்லு மொளைக்காத கொழந்தகூட முழுங்குமே!" என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சித்திரைக் கடைசியில் அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும். ஆகாவிட்டால் வைகாசியில் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதாக அண்ணன் எழுதியிருந்தான். மாமனுக்கு என் அப்பா வயது. அதிகாரி வருவதற்கு முந்தின நாள், வெட்கத்தை விட்டு வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, "நாளைக்கு ஒருநாள் மட்டும் அட்டையில் இருக்கிறபடி தின்னச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினேன்.

"அந்தக் கெழவனுக்கா உன்னக் குடுக்கப்போறாங்க? நீ சும்மா இரு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றவர் வீடு வீடாகப் போய் ஊரையே திரட்டிவிட்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் ஜீப் வந்தது. அதிகாரி அரிசிச் சோறு மட்டுமே தின்னும் பக்கத்திலிருந்து வந்தவர். களியைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். அட்டையைப் புங்கமரத்தில் மாட்டி, அதன் நிழலில் இலை போட்டு நாற்பது பேர் உட்கார்ந்தோம். கலவைக் கீரைக் கடைசல், கீரைச் சாறு, வெள்ளரிக்காய்ப் பச்சடி, நீர்மோர், நடுவில் ஆவி பறக்கும் களி உருண்டை. வீட்டுக்காரம்மா பரிமாறினார். இலையில் களி விழுந்ததும் ஊரே வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தது. நானும்தான்.

"இந்தம்மா உங்களுக்கு என்னம்மா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று அதிகாரி ஒரு பெண்ணைக் கேட்டார்.

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடையைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவரும் தாடையைத் தொட்டார். வரிசை முழுக்க ஒவ்வொருவராகத் தொட்டார்கள். இத்தனை ஒழுங்கைக் கண்டு அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. அவரும் ஒரு பெரிய கவளம் கிள்ளி மெல்லத் தொடங்கினார்.

பத்துப் பதினைந்து மெல்லுக்குப் பிறகு அவர் தாடை நின்றது. கண் பிதுங்கியது. ஒரே மூச்சாக உள்ளே தள்ளிவிடலாம் என்று கழுத்தை நீட்டினார். எதிரே சாற்றுக் கரண்டியோடு நின்ற வீட்டுக்காரம்மா அப்போதுதான் கவனித்தார்: அதிகாரியின் மேல் பல் வரிசை மொத்தமும் கழன்று களியோடு உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. கட்டிய பல்!

"முழுங்காதீங்க சாமி! முழுங்கிடாதீங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

அதிகாரி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு மரத்துக்குப் பின்னால் போனார். போனவர் வருவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. மாமன் மாலையோடு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பி வந்தவர் யாரையும் பார்க்காமல், பதிவேட்டை வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். நின்ற இடத்திலேயே வாசித்தேன்.

'மென்று தின்னும் பழக்கம் இவ்வூரில் ஆழமாக வேரூன்றியுள்ளது. பார்வையிட வந்த அதிகாரி விழுங்க முற்பட்டபோது, அதன் தீமையை உணர்ந்த ஊரார் உரிய நேரத்தில் தடுத்தார்கள். சேவிகையின் பணியை நிரந்தரமாக்கலாம்.'

பதிவேட்டை வீட்டுக்காரம்மாவிடம் காட்டித் தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜீப்பின் புழுதி அடங்கும் வரை வரிசையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கன்னம் உப்ப, இன்னும் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்கள்.

"தொர போயிட்டாரு டீச்சரம்மா. பாவம், தாடை வலிக்குது இவங்களுக்கு. இனி முழுங்கலாமா?" என்றார் வீட்டுக்காரம்மா.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. என் வாயிலும் இன்னும் களி. ஊர் பார்க்க, அட்டை பார்க்க, அதை ஒரே மூச்சில் முழுங்கினேன்.