வாசிக்காமல் வாங்கியவர்கள்

புத்தகக் கடையில் நிற்பவளுக்கு, வாங்குகிறவர் என்ன வாசிப்பார் என்று தெரியத் தேவையில்லை. அவர் வீட்டுக்கு யார் விருந்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும். கடைகளில் கால்கடுக்க நின்ற என் போன்றவர்களுக்கு இது புதிதாக இராது.

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணின் வசதியான கிழக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடையில் சேர்ந்தேன். ஊர் யாழ்ப்பாணம், ஆங்கில இலக்கியத்தில் பட்டம், வாயைத் திறக்கக் கூச்சம். முதலாளி மிஸிஸ் பார்லோ மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்றார். அண்ணன் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்திருந்த எனக்கு, அந்த வேலை நிலைத்தால்தான் தனியாக ஓர் அறை. "ஆட்களோடு பேச வேண்டும், பெண்ணே. பேசாத ஆளை நான் வைத்திருக்க முடியாது."

சத்தமாய்ச் சொன்னால் புரியும்

மிஸிஸ் வின்ட்டர் வாராவாரம் வருவார். என்னைக் கண்டதும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "புத்தகம். பெரிய. புத்தகம்," என்று கைகளால் அகலம் காட்டுவார். நான் "யெஸ், மேடம்" என்பேன். அதற்குமேல் எனக்கு வராது. ஒரு மாதம் இப்படியே போனபின் மிஸிஸ் பார்லோவிடம் பெருமையாகச் சொன்னார்: "நான் பேசிப் பழக்கியதில் இந்தப் பெண்ணின் ஆங்கிலம் எவ்வளவு தேறிவிட்டது, பார்த்தீர்களா?"

முதுகு உடைந்த பிரதி

மிஸிஸ் வின்ட்டர் கேட்ட பெரிய புத்தகம், ஓர் ஏழைப் பெண் சிரித்தும் ஏய்த்தும் லண்டன் சீமான்களின் வரவேற்பறைவரை ஏறிப்போகிற பழைய நாவல். பாசாங்குக்காரர்களைக் கிண்டல் செய்யவென்றே எழுதப்பட்டது. கடையில் கூடுகிற வாசிப்பு வட்டம் அதை எடுத்திருந்ததால் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி தேவைப்பட்டது.

ஒரு கனவான் புதுப் பிரதியைப் புரட்டினார், முகர்ந்தார், திருப்பித் தந்தார். பழையதும் இருக்கிறது, ஆனால் அட்டை கசங்கி முதுகு உடைந்தது என்று தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அதைத்தான் கேட்கிறேன். புதிதாக இருந்தால், நேற்றுத்தான் வாங்கினேன் என்று தெரிந்துவிடும் அல்லவா?"

சனிக்கிழமை விருந்து

வெள்ளைக்காரரை மட்டும் சொல்வது நியாயமில்லை. எங்கள் ஊர்ப் பவளம் அன்ரியின் கணவர் பொறியியலாளர். அன்ரி கடைக்குள் வந்து, ஆட்கள் நின்றவரைக்கும் என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் கதைத்தார். கடைசி ஆள் வெளியேறியதும் குரல் இறங்கியது. "பிள்ளை, அங்கிளின்ர வேலையிடத்துப் பெரியவர் சனிக்கிழமை சாப்பிட வாறார். அலுமாரி முழுக்கத் தமிழ் மாசிகையள். எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழ தள்ளிப் போட்டன். அலுமாரி இப்ப வெறுமையாக் கிடக்கு. தடிப்பா ஏதாவது புத்தகம் தா."

திங்கட்கிழமை, நான் எடுத்துக் கொடுத்த அதே நாவலோடு திரும்பி வந்தார், சமையல் புத்தகமாக மாற்றித் தரச் சொல்லி. விருந்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். "பெரியவர் புத்தகத்தைக் கண்டிட்டார். இதில ஆர் உண்மையில கெட்டவை எண்டு என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? எல்லாரும்தான் எண்டன். ஆழமான கருத்து எண்டு சொல்லிப்போட்டு உடன கிரிக்கெட்டுக்குப் போயிட்டார். அவரும் வாசிக்கேல்லைப் போல கிடக்கு, பிள்ளை."

வாசிப்பு வட்டம்

என் மூன்று மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிற வாரத்தில் வட்டம் கூடியது. கதிரைகளில் தொப்பியும் கையுறையுமாகச் சீமாட்டிகள். பேச்சைத் தொடங்க வேண்டியவர் மிஸிஸ் பார்லோ. பின்னறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து கதவைச் சாத்தினார். "நீ அதை வாசித்திருக்கிறாயா?"

"பரீட்சைக்கு வாசித்தேன்."

"சுருக்கமாகச் சொல்."

ஒருவரிடம் பேசுவது எனக்குச் சிரமமில்லை. கதையையும், நான் நினைத்ததையும் சொன்னேன். முடிவுக்கு வருமுன் கேத்தல் கொதித்துவிட்டது. அவர் வெளியே போய்விட்டார். நான் தட்டோடு போனபோது என் கருத்துகள் அவர் வாயிலிருந்து வெகு அழகாக வந்துகொண்டிருந்தன. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது மிஸிஸ் வின்ட்டர் கேட்டார்: "சரி, கடைசியில் அவளுக்கு என்னதான் கிடைக்கிறது?"

மிஸிஸ் பார்லோ கோப்பைக்குள் பார்த்தார். அங்கே விடை இல்லை. அவர் இத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தால் வெள்ளிக்கிழமை எனக்கு என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நானே விடையைச் சொல்லிவிட்டாலும் அதே பதில்தான். வாயைத் திறந்தேன்.

"மிஸிஸ் பார்லோ காலையில் எனக்கு விளக்கினாரே, மேடம். அவள் ஆசைப்பட்ட வசதியெல்லாம் கிடைக்கிறது, ஆனால் அதை மெச்சுவதற்குப் பக்கத்தில் சொந்தமென்று ஒருவரும் மிஞ்சுவதில்லை என்று."

மிஸிஸ் பார்லோ, தான் சொன்னதைத் தானே மெச்சுவதுபோல் மெல்லத் தலையசைத்தார். எல்லோரும் போனபின் கோப்பைகளைக் கழுவும்போது கடைச் சாவி ஒன்றை என் பக்கமாக மேசையில் நகர்த்தினார். "இனி நீதான் காலையில் திறக்க வேண்டும். உனக்குப் பேச வரும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும்."

அந்த நாவலின் பெண் முகத்துதி செய்தே மேலே ஏறினாள் என்று கண்டித்து எழுதிப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கியவள் நான்; சொந்தமாக ஓர் அறை வாங்கித் தந்ததோ அவளுடைய வழிதான்.