படிவத்தின் ஓரத்தில் மூன்று எழுத்து

மயிலம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. செய்தியைக் கேட்ட அவள் கணவன் சுடலைமுத்து, "கூட்டுற வேலையா, சமைக்கிற வேலையா?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. பதினைந்து வயதில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து ஒரு வீட்டில் சமைத்தவள் அவள். பிறகு மட்டக்குளியில் கார்மென்ட்ஸ் ஒன்றில் பதினெட்டு வருஷம் சட்டைக் கழுத்துப் பட்டி தைத்தாள். அதை மூடியதும் மறுபடி வீட்டு வேலை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை.

"கேள்வி கேக்குற வேலைங்க," என்றாள் மயிலம்மா. "வீடு வீடா போகணும்."

"கேள்வி கேக்குறதுக்கு உனக்குச் சம்பளமா! இத்தனை வருசமா என்கிட்ட சும்மாதானே கேட்ட!"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

வேலையைக் கொடுத்தவர் ஷிஹாரா என்ற சமூகவியல் விரிவுரையாளர். கொழும்பில் மக்கள் எப்படி மேல், கீழ் என்று பிரிந்து வாழ்கிறார்கள் என்று ஆய்வு செய்தார். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுகிற, கூச்சமில்லாமல் கதவைத் தட்டுகிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். கார்மென்ட்ஸ் பெண்களின் சங்கம் மயிலம்மாவின் பெயரைச் சொன்னது.

இரண்டு நாள் பயிற்சி. ஷிஹாரா பலகையில் படம் கீறி விளக்கினார். தொழிற்சாலை யாருக்குச் சொந்தம், யார் உழைப்பை விற்கிறார்கள், இந்த இரண்டைப் பார்த்தால் போதும் என்கிறது ஒரு கொள்கை. போதாது, பதவியையும் மரியாதையையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறது இன்னொன்று. பேசுகிற விதம், சாப்பிடுகிற விதம், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாமே ஒருவகைச் சொத்துத்தான் என்கிறது மூன்றாவது.

பின்வரிசையில் இருந்த மயிலம்மா கையைத் தூக்கினாள். "மிஸ், எங்க லைன் சூப்பர்வைசர் மேடத்துக்கும் பாக்டரி சொந்தமில்ல. ஆனா அவங்க வந்தா நாங்க மூச்சு விடமாட்டோம். அவங்க எந்தப் பக்கம்?"

ஷிஹாரா சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டார். "மயிலம்மா அக்கா, இதே கேள்விக்குத்தான் பெரிய பெரிய ஆக்கள் நூறு வருஷத்துக்கு மேல சண்டை பிடிச்சிக்கொண்டிருக்காங்க."

தன் கேள்விக்கு நூறு வருஷச் சண்டை இருக்கிறது என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பஸ்ஸில் வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பைலுமாகக் கொட்டாஞ்சேனையில் தொடங்கினாள். பத்துப் படி வைத்த ஏணிப் படமொன்றைக் காட்டி, "இதுல நீங்க எந்தப் படியில இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். நகைக்கடை வைத்திருந்த சுப்புராமன் செட்டியார், வாசலில் இரண்டு கார் நிற்க, ஐந்தாம் படியைக் காட்டினார். "நடுவுல போடும்மா. மேல இருக்கிறவனெல்லாம் வேற ஆளு." அடுத்த ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் ஸமீமா கொஞ்சமும் யோசிக்காமல் எட்டில் விரலை வைத்தாள். "மூணு புள்ளையும் படிக்குது. நான் ஒருத்தர்ட்டயும் கையேந்தல்ல. எட்டுலயே போடுங்க."

"பிரிட்ஜ் இருக்கா?" என்பது அடுத்த கேள்வி.

"ஈக்கிது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அதுல புள்ளைகள்ட புத்தகத்த வெச்சிருக்கேன். கரப்பான் வராது பாருங்க!"

பிரிட்ஜ் இருந்தால் கூடுதல் புள்ளி. மயிலம்மா புள்ளியைப் போட்டுவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

படிவத்தில் இல்லாத ஒன்றையும் அவள் கவனித்தாள். இருபது வருஷம் அடுத்தவர் வீடுகளில் கழித்தவளின் கண் அது. வெள்ளவத்தையில், கடல் தெரியும் மாடிவீடொன்றில், ஆனந்தி என்ற அம்மா இரும்புக் கேற்றுக்கு உள்ளேயும் இவள் வெளியேயுமாக முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். நல்ல மனுஷி. தண்ணீர்கூடக் கொண்டுவந்து, கம்பியிடுக்கால் நீட்டினார். "நாங்கள் ஆக்களில வித்தியாசம் பாக்கிறேல்லைப் பிள்ளை," என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மயிலம்மா அதையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஓர் எழுத்தும் போட்டாள். அப்படி ஒவ்வொரு படிவத்திலும் போட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, விடைகளைக் கணினியில் ஏற்றும் பிரதீஸ் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, உங்கட போர்ம் எல்லாத்திலயும் என்னவோ கீறியிருக்கு. மிஸ் உங்களை வரச்சொன்னவ."

சுத்தமான படிவத்தைக் கெடுத்துவிட்டோம், வேலை போய்விட்டது என்றே மயிலம்மா நினைத்தாள். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

ஷிஹாராவின் மேசை முழுக்க அவளுடைய படிவங்கள் பரவிக் கிடந்தன. "இது என்ன எழுத்து அக்கா? க, வா, பா?"

"மன்னிச்சுக்கங்க மிஸ். பழக்கதோசத்துல போட்டுட்டேன். க-ன்னா கதிரையைப் போட்டு உக்காரச் சொன்னாங்க. வா-ன்னா வாசல்லயே வச்சுப் பேசினாங்க."

"பா?"

"பாய். கதிரை இல்லாத வீடும் இருக்கில்லீங்களா? பாய் விரிச்சு உக்காரச் சொன்னாங்க. அதை வாசல்ல நிக்கவச்ச கணக்குல சேத்தா பாவம்."

ஷிஹாரா எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டார். பிரதீஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஓர் ஆளை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதை அறியத்தான் தான் நாற்பது கேள்வி போட்டதாகவும், மயிலம்மா அதைக் கேட்காமலே அளந்துவிட்டதாகவும் ஷிஹாரா சொன்னார்.

"அப்ப மேல் படியில இருக்கிறவங்கதான் வாசல்ல வச்சுக் கதைக்கிறாங்க, சரியா?" என்று ஆவலோடு கேட்டார்.

"இல்லீங்க மிஸ்." இப்போது மயிலம்மாவுக்குப் பயம் போய்விட்டது. "செட்டியாரு வீட்டுல உக்கார வச்சு வடை குடுத்தாங்க. நாங்க குடியிருக்கிற தொடர்மாடியிலயே, எங்களைப் போல இல்லாதவங்க ரெண்டு வீட்டுல என்னை நிக்க வச்சுட்டாங்க. பைலைக் கண்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்துட்டாங்கன்னு பயம். வாசல்ல நிறுத்துறதுல பெருமையும் இருக்கு, பயமும் இருக்கு. கேட்டுத்தான் பிரிக்கணும்."

ஷிஹாரா குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "மெதுவா சொல்லுங்க," என்றார். மயிலம்மா சொன்னாள், அவர் எழுதினார், பிரதீஸ் போய்ப் பிளேன் டீ வாங்கி வந்தான். மீதி வீடுகளுக்கான படிவத்தில், எங்கே வைத்துப் பேசினார்கள், ஏன் என்ற நாற்பத்தோராவது கேள்வி அச்சானது.

ஆய்வு முடிவை வெளியிட்ட கூட்டம் வெள்ளவத்தையில் நடந்தது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், நாற்பத்தோராவது கேள்வியின் கோட்பாட்டு அடிப்படை என்ன என்று கேட்டார். ஷிஹாரா மைக்கை மயிலம்மாவிடம் நீட்டினார். அவள் எழுந்து நின்றாள்.

"முப்பத்தேழு வருசமா நான் எத்தனையோ வீட்டு வாசல்ல நின்னிருக்கேன் சேர். அதுதான் அடிப்படை."

மண்டபம் முழுக்கக் கைதட்டலும் சிரிப்பும். பேராசிரியரும்தான் தட்டினார். பின்வரிசையில் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த சுடலைமுத்து, பக்கத்திலிருந்தவரிடம், "நம்ம வீட்டுக்காரிங்க," என்று மூன்று தடவை சொன்னான்.

இப்போது வத்தளையில் அடுத்த ஆய்வு நடக்கிறது. மயிலம்மா அங்கே ஆறு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு. காலையில் நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் ஆறு பேரும் முந்தின நாள் வீடுகளைப் பற்றி ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். அவள் ஒவ்வொருவராகக் கதைக்கச் சொல்லிக் குரலை உயர்த்துகிறாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, என்ன அக்கே, பாலர் பள்ளி டீச்சரா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

"இல்ல தம்பி," என்கிறாள் அவளும் சிங்களத்திலேயே. "நாங்க ஆராய்ச்சி செய்றோம்."