ஸ்டார்ட் செய்தால் நிற்காத வண்டி

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் எஞ்சின் ஓடாத வண்டியில் ஒரு ஆளும் ஏறமாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, டிக்கெட் வாங்கிப் போகும்போது நானும் அப்படித்தான். எஞ்சின் உறுமினால் வண்டி இதோ கிளம்பப் போகிறது என்று அர்த்தம். கிளம்ப இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அதற்குள் மூட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளியாயிற்று, ஜன்னலோரமும் பிடித்தாயிற்று. யார் இறங்குவார்கள்?

இந்த ஏமாற்று வேலையைப் பத்து வருஷம் நான் மனசாரச் செய்திருக்கிறேன். பொதட்டூர்பேட்டை போகும் தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் எஞ்சினை அணைக்கவே மாட்டேன். அவ்வப்போது ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து, வண்டியை இரண்டடி முன்னே விட்டு, மறுபடியும் இரண்டடி பின்னே இழுப்பேன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "தோ கெளம்பிச்சு, தோ கெளம்பிச்சு! பொதட்டூர், பொதட்டூர்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். டீக்கடையில் நிற்பவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

சைலன்சருக்கு நேர் எதிரே ஒரு பூக்கார அம்மா உட்காருவார். மல்லிகையை ஈரச்சாக்கால் மூடி வைத்துக்கொண்டு என் வம்சத்தையே இழுத்துப் பேசுவார். "பூவெல்லாம் கரி அப்பிகினு போவுது, உன் வண்டில இடி வுழ!" நான் ஹாரன் அடித்துப் பதில் சொல்வேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

கொழுப்பை இறக்கியவர் முதலாளி. அவருக்கு இந்த பஸ் ஒன்று, நாக்பூர் போகும் லாரி ஒன்று. ஒருநாள் காலையில் ஷெட்டில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இன்னாப்பா டிரைவர், உன் வண்டி ரோட்டுல ஓடிக் குடிக்கறத விட ஸ்டாண்டுல நின்னுகினு குடிக்கறது ஜாஸ்தியா இருக்கும் போல. டீசல் விக்கிற வெலைக்கு நான் எங்க போறது? இந்த ஒரு மாசம் பாக்கறேன். கொறையலன்னா பஸ்ஸ வித்துடறேன். நீ பழையபடி லாரிக்குப் போயிடு."

அந்த லாரியை நான் பதினோரு வருஷம் ஓட்டியவன். மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவேன், அழுக்குத் துணியைப் போடுவேன், துவைத்த துணியை எடுத்துக்கொண்டு போவேன். என் மகள் நடக்கப் பழகியதையே நான் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது அவள் வேலூரில் குடித்தனம் செய்கிறாள். பொதட்டூர்பேட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில், நானும் என் மனைவியும் இரண்டு பவர்லூமும்தான். தினம் மத்தியானம் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிக்கொண்டு அவளோடு சாப்பிடுவேன். அந்த ஒரு சாப்பாட்டுக்காகத்தான் நான் பஸ்ஸுக்கே வந்தேன்.

ஆனாலும் ரோஷம் விடுமா? "அணைச்சி அணைச்சி ஸ்டார்ட் பண்ணாத்தான் டீசல் ஜாஸ்தி குடிக்கும் மொதலாளி" என்று எடுத்துவிட்டேன். லாரிக்காரர்கள் எல்லோரும் காலங்காலமாகச் சொல்வதுதான். தவிர, என் வண்டியின் செல்ஃப் மோட்டார் ஒரு சோம்பேறி. அணைத்தால் எழுந்திருக்குமா என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம்.

முதலாளி என்னை அரக்கோணம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் பாயிடம் அனுப்பினார். பாய் என்னோடு வாதமே செய்யவில்லை. டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, டீசல் நிறைந்த ஒரு தண்ணி பாட்டிலில் செருகினார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டார். "உக்காருங்க டிரைவரே, டீ வருது" என்றார். நான் டீ குடித்து, பேப்பரில் என் ராசிபலனைப் படித்து முடித்தேன். பாட்டிலில் டீசல் நாலு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. வண்டி ஓரடி நகரவில்லை. பிறகு அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்து காட்டினார். அதற்குக் குறைந்தது கண்ணுக்கே தெரியவில்லை.

"பாத்தீங்களா? சும்மா நிக்கறதுக்கு இவ்ளோ தீனி" என்றார் பாய். செல்ஃப் மோட்டாரையும் சரிசெய்து கொடுத்தார்.

மறுநாள் பன்னிரண்டே கால் டிரிப்புக்கு எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அடேயப்பா! பன்னிரண்டே முக்காலுக்குப் பொதட்டூர் கிளம்ப வேண்டிய பக்கத்து வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜனமெல்லாம் அதில் போய் ஏறியது. என் வண்டியில் கண்டக்டரும் நானும் ஒரு பலாப்பழமும். அந்தப் பழத்தை வைத்தவர் கூட இறங்கிப் போய்விட்டிருந்தார். நாலு பையன்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, "தள்ளணுமாண்ணா?" என்று கேட்டார்கள். பக்கத்து வண்டி டிரைவர், "இன்னாண்ணா, வண்டி படுத்துகிச்சா?" என்று பல்லைக் காட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் கடித்திருப்பேன்.

ஒரு வாரம் இதே கூத்து. ஒருநாள் பன்னிரண்டே காலுக்கு வெறுத்துப்போய் ஸ்டார்ட் செய்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் டீக்கடையில் இரண்டு பேர் திடுக்கிட்டு எழுந்து ஓடிவந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து வருஷம் ஓடிக்கொண்டே இருந்த எஞ்சின் பொய்தான் சொன்னது. இனிமேல் அதை உண்மை பேச வைக்கலாமே!

கண்டக்டரை அறிவிக்கச் சொன்னேன். "நம்ம வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா ஒரு நிமிஷத்துல கெளம்பிடும்! நெஜமா! அதுவரைக்கும் நெழல்ல குந்துங்க, டீ குடிங்க!" யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களை ஒவ்வொருவராக விட்டுவிட்டுப் போனேன். கை காட்டினார்கள், கத்தினார்கள், பின்னாலேயே ஓடிவந்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஒருவருக்கு நிறுத்தினால் மறுநாள் எல்லோரும் ஒரு நிமிஷத்தை ஐந்தாக்குவார்கள், நான் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்புறம் நாக்பூர்தான்.

அப்படி விடப்பட்டவர்களில் ஒருவர் எங்கள் ஊர் நூல் வியாபாரி. மறுநாள் நடு பஸ்ஸில் சண்டைக்கு வந்தார்.

"இன்னாய்யா திமிரு உனக்கு! பை எடுத்துகினு ஓடி வரேன், கண்ணு தெரியல? நாளைக்கு உன் பொண்டாட்டி வந்தா மட்டும் நிறுத்துவ இல்ல?"

"என் பொண்டாட்டி வந்தாலும் இதே கதைதான்!" என்று நானும் கத்தினேன். நாக்கில் சனி. பஸ் முழுக்கக் கேட்டது.

கிருத்திகை வந்தது. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. என் மனைவி காலை முதல் டிரிப்பில் என்னோடுதான் திருத்தணி வந்தாள். "மலை ஏறிட்டு பன்னண்டே காலுக்கு வந்துடறேன் பாவா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் பக்கத்தில் புருஷன் என்றால் பாவாதான். மலையில் கூட்டம் தெரியாதா? பன்னிரண்டு பத்து ஆயிற்று, ஆள் இல்லை. பதினாலுக்கு ஸ்டார்ட் செய்தேன். பதினைந்துக்கு கியர் போட்டேன்.

ஸ்டாண்டு வாசலில் திரும்பும்போது வலது பக்கக் கண்ணாடியில் அவள் வந்துவிட்டாள். இடுப்பில் புதிதாக வாங்கிய ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம், கையில் பிரசாதப் பை, முந்தானை பறக்க ஓட்டமான ஓட்டம். நூல் வியாபாரி அன்றைக்கு முன்சீட்டில் இருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி குஷியாகக் கத்தினார்: "டிரைவரே! வீட்டம்மா வராங்கோ!"

அத்தனை கண்ணும் என் முதுகில். என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது, பொய் சொல்லமாட்டேன். அப்போது கண்ணாடியில் பார்த்தால், அவள் சட்டென்று நின்றுவிட்டாள். குடத்தைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். மூச்சு வாங்கியிருக்கும், இல்லை கோபம் தலைக்கேறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் கால் பிரேக்கை விட்டு இறங்கியது. வண்டி போய்விட்டது.

பத்து நொடி கழித்துப் பின்சீட்டில் ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகு பொதட்டூர் வரைக்கும் சிரிப்புதான். நான் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் நான் தட்டு கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அடுத்த வண்டியில் வந்து இறங்கி, குடத்தோடு உள்ளே நுழைந்தாள். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கண்ணாடில என்னப் பாத்தியா?"

"இல்ல, பாக்கல. வெயிலு கண்ணுல அடிச்சிது."

"சரி" என்றாள். புளியோதரையைத் தட்டில் வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஐந்து நாள், "உள்ள சோறு கீது", "பானைல தண்ணி கீது", இவ்வளவுதான் பேச்சு.

வெளியே கதை வேறு. மறுநாள் பன்னிரண்டு மணிக்கே என் வண்டி நிறைந்துவிட்டது. எஞ்சின் செத்தவன் போலக் கிடக்கிறது, உள்ளே உட்கார இடமில்லை! "பொண்டாட்டியையே உட்டுட்டுப் போனவன், நம்மளயா பாக்கப் போறான்? ஏறு, ஏறு" என்று அவர்களே ஒருவரை ஒருவர் விரட்டினார்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் அவர்கள் பேசுவதெல்லாம் எனக்குக் காதில் விழுந்தது. யார் வீட்டில் கல்யாணம், யார் தறியில் பாவு நூல் தீர்ந்தது, என்னைப் பற்றி யார் என்ன நினைக்கிறார்கள், எல்லாம். பூக்கார அம்மா சாக்கை எடுத்துவிட்டு மல்லிகையைத் திறந்தே வைத்திருந்தார். இரண்டு முழம் கிள்ளிக் கொடுத்து, "பொண்டாட்டி கால்ல வுழுந்து குடு" என்றார். நான் கையில்தான் கொடுத்தேன். மனைவி அதை வாங்கி முருகன் படத்துக்குப் போட்டுவிட்டாள்.

மாதக் கடைசியில் முதலாளி டீசல் சீட்டுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "லாரிக்கு ஆரணில இருந்து ஒர்த்தன் வரான். நீ பஸ்ஸையே பாரு" என்றார். அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காமல் வந்தது பெரிய காரியம்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினேன். தறிச் சத்தத்துக்கு மேலே, "லாரி இல்ல! பஸ்தான்!" என்று கத்தினேன். அவள் இரண்டு தறியையும் நிறுத்தினாள். அப்படியே தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. இரண்டும்தான்.

"நீ என்னப் பாத்த பாவா" என்றாள். "கண்ணாடில உன் மூஞ்சியும் என் மூஞ்சியும் நேருக்கு நேரா. பாத்துட்டு பாக்கலன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் எனக்குக் கோவம்."

"விட்டுட்டுப் போனதுக்கு இல்லியா?"

"லூசா நீ? நான் எதுக்கு ஓட்டத்த நிறுத்தினேன்னு நெனச்ச? ஓடிகினே இருந்தா நீ பிரேக் போட்டுடுவ, அப்புறம் மறுபடியும் லாரிதான். உன் லட்சணம் எனக்குத் தெரியாதா? நீ நிறுத்திடுவியோன்னு பயந்துதான் கொடத்தக் கீழ வச்சிட்டு நின்னேன்."

அவள் எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

"சாப்புடு. ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும்."