அம்மி என்றால் சித்தப்பா

அரபு வகுப்பில் உறவுமுறைப் பாடம் நடந்த அன்று, சிரிப்பை அடக்க முடியாத தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் மிஸ் வெளியே நிறுத்திவிட்டார். அப்பாவின் தம்பியை அரபியில் 'அம்மி' என்று சொல்ல வேண்டுமாம். அம்மாவின் தம்பி 'காலி'. ஆங்கிலம் இருவரையும் அங்கிள் என்று சொல்லி வேலையை முடித்துக்கொள்ளும். அரபி அப்படி விடாது, நம்மைப் போலவே தனித்தனியாகக் கேட்கும். அந்தப் பரீட்சையில் நான் இருபதுக்கு இருபது. எனக்கு ஒன்பது வயது.

அப்போது குவைத்தில் மங்காஃபில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான என் மாமா மூன்று மாதமாக எங்கள் வீட்டு ஹாலில்தான் படுத்திருந்தார். டிரைவர் வேலை என்று அழைத்து வந்து, பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்க விட்டிருந்தார்கள். ஒரு நாள் தண்ணீர் லாரியில் ஏறித் தப்பி வந்துவிட்டார். பாஸ்போர்ட் அவரை வேலைக்கு எடுத்த கபீலிடமே, அந்த முதலாளியிடமே, இருந்தது. காலிங்பெல் அடித்தால் மாமா பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். அது எனக்காக ஆடும் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

இப்படியே அடைந்து கிடந்தால் தம்பிக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அம்மா அழுததால், பெருநாள் லீவில் அப்பா எங்களைப் பைலகா தீவுக்கு அழைத்துப் போனார். ஏசி மெக்கானிக்கான என் சித்தப்பா தன் சிவில் ஐடி கார்டை மாமாவிடம் கொடுத்திருந்தார். காரில் அப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பாப்பா, இன்னைக்கு ஒரு நாள் மாமாவ சித்தப்பான்னுதான் கூப்பிடணும். வாய் தவறிடாத."

நான் தவறவில்லை. படகில் சித்தப்பா, கடற்கரையில் சித்தப்பா, போரில் குண்டு துளைத்த பழைய வீடுகளுக்கு முன்னால் போட்டோ எடுக்கும்போதும் சித்தப்பா. மாமாதான் இரண்டு முறை தன்னைக் கூப்பிடுவது தெரியாமல் நின்றார். நல்ல வெயில். யாரைப் பார்த்தாலும் அம்மா புன்னகைத்தார், தேவைக்கு மேலேயே.

ஒட்டகச் சவாரியில் எனக்கான ஒட்டகம் படுக்க மறுத்தது. மாமா அதன் கழுத்தைத் தட்டி, தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்தார். அது உடனே மண்டியிட்டது. ஒட்டகக்காரர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏசி மெக்கானிக்குக்கு இது எதுக்கு மாப்ள? வா போகலாம்," என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சவாரி இல்லாமலே திரும்பினோம்.

மத்தியானம் திரும்பும் படகுக்கு வரிசையில் நின்றபோது, காலையில் இல்லாத ஒரு காவலர் கார்டுகளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. மாமாவின் கார்டை அவர் வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். அப்புறம் குனிந்து என்னிடம் சிரித்தபடி, "மினு ஹாதா?" என்றார். இவர் யார் என்று அர்த்தம்.

தமிழில் கேட்டிருந்தால் சித்தப்பா என்றுதான் சொல்லியிருப்பேன். அரபியில் என்ன சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மிஸ் கேட்டதுபோல் நிமிர்ந்து நின்று, "காலி," என்றேன்.

மாமாவுக்கு அது தமிழாகத்தான் கேட்டிருக்க வேண்டும். முகம் வெளிறிப்போனது. அப்பா சட்டென்று முன்னால் வந்தார். "லா, லா. ஹாதா என் பிரதர். பேபி அரபி மாஃபி மாலூம்." இல்லை, இவன் என் தம்பி, அவளுக்கு அரபி தெரியாது என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார். அப்பா குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

காவலர் கூலிங்கிளாஸைக் கழற்றினார். வயது இருபத்தைந்துகூட இருக்காது. என் கண்ணுக்கு நேராகக் குனிந்து, மெதுவாக, "மா தார்ஃபீன் அரபி?" என்றார். உனக்கு அரபி தெரியாதா என்று கேட்டார்.

மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. இருபதுக்கு இருபதை விழுங்கிக்கொண்டு, தெரியாது என்று பலமாகத் தலையை ஆட்டினேன்.

காவலர் நிமிர்ந்து, கார்டை மாமாவின் சட்டைப் பையிலேயே செருகி, "கலாஸ். யல்லா," என்றார். முடிந்தது, கிளம்புங்கள் என்று அர்த்தம்.

படகில், கரை மறைந்த பிறகு அம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். மாமா என் காலைப் பிடித்துக்கொண்டு, "தாயி, தாயி," என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் பொதுமன்னிப்பில் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஒரு போலீஸ்காரரையே ஏமாற்றியவள் நான் என்று பள்ளியில் வெகுநாள் பெருமையாகத் திரிந்தேன். அரபி தெரியாத பிள்ளைக்கு அவர் கேட்ட கேள்வியே புரிந்திருக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.