இரும்புக் கதவு, மூன்று நிமிடம்

என் தம்பி வாழ்ந்தது முப்பத்தொரு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள். அதில் இருபத்து மூன்று முறை புகைப்படத்தில் விழுந்திருக்கிறான். இருபத்து மூன்றிலும் கண் மூடியிருக்கிறான்.

குடும்பத்தில் அவனுக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்ற பெயர் வந்தது அந்தப் படங்களால்தான். உண்மையில் எங்கள் வீட்டில் முதலில் எழுபவன் அவன். பதினைந்து வயதில் வெல்டிங் பட்டறையில் சேர்ந்தான். வீட்டில் முதல் புகைப்படம் எடுத்ததே அதற்குப் பிறகுதான். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எது சொன்னாலும் செய்வான். சட்டையில் தீப்பொறி பட்ட ஓட்டைகளைக் காட்டி என்னைச் சீண்டுவான். “எல்லாத்தையும் எண்ணுவியே அண்ணே, இதையும் எண்ணி எழுதி வெச்சுக்கோ.” ஒரு சட்டையில் நாற்பத்தாறு இருந்தது. எழுதி வைத்தேன்.

நான் ஒரு கிடங்கில் பதிவேடு எழுதியவன். வீட்டிலும் அதே புத்திதான், எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு, ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, இடம், இடமிருந்து வலமாக ஆட்கள். தம்பி இருக்கும் படங்களில் மட்டும் கூடுதலாக ஒரு குறிப்பு: ‘கண் மூடியுள்ளது. கவனக்குறைவு.’ அவன் கல்யாணப் படத்தையும் விடவில்லை. அன்று நேரிலும் கடிந்துகொண்டேன்.

“பொண்ணு கண்ணைத் திறந்துக்கிட்டுதானே இருக்கு? உனக்கு என்னடா கேடு?”

“வீட்டுக்கு ஒருத்தர் முழிச்சிருந்தா போதும்ணே” என்றான்.

மகள் பிறந்த நான்காம் மாதம் ஒரு காய்ச்சலில் போய்விட்டான்.

அந்த மகளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. சின்ன வயதிலிருந்து என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்பா கண்ணு தெரியிற படம் ஒண்ணாவது இருக்கா பெரியப்பா?” அவள் அம்மா இருந்தவரை, “உன் கண்ணுதான்டி அவருக்கும்” என்று சமாதானம் சொல்வாள். “என் கண்ணை நான் கண்ணாடில பாத்துக்குவேன். எனக்கு அவர் கண்ணு வேணும்” என்பாள் இவள். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் தம்பியின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இல்லைம்மா” என்பேன். என் பதிவேடு தப்பாது என்று அவளும் நம்பினாள்.

எனக்கு எழுபத்தொன்பது ஆகிறது, எழுத்து கோணுகிறது. எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேஜைக்கு இந்தப் பக்கம் நான் வாசிக்க, அந்தப் பக்கம் அவள் சரிபார்த்து டிக் போட்டாள்.

“பெட்டி மூணு. பிலிம் சுருள் ரெண்டு. இரும்புக் கதவு பொருத்தியது, மூன்று நிமிடம்.”

டிக் போடப் போனவள் நின்றாள். “எந்தக் கதவு?”

“நம்ம வாசல் கதவுதான். எங்க மேனேஜர் ஒரு நாளைக்கு சினிமா கேமரா இரவல் குடுத்தார்.”

“கதவைப் பொருத்தினது யாரு?”

“உங்க அப்பாதான்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

“பெரியப்பா” என்றாள் மெதுவாக, “நீங்க கதவைப் படம் எடுத்தீங்களா, எங்க அப்பாவை எடுத்தீங்களா?”

புதுக் கதவு வந்த நாள் என்பதால் ‘கதவு’ என்ற தலைப்பில் பதிந்துவிட்டேன். தம்பியின் பக்கத்தில் அது ஏறவே இல்லை. அவன் கல்யாணத்துக்கு முந்திய வருடம் அது. வாடகைக்கு புரொஜெக்டர் எடுத்து ஒரே ஒரு முறை பார்த்தோம். அவனே பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, திரையில் அவன் முகத்தை யார் பார்த்தார்கள்?

“பூஞ்சை பிடிச்சிருக்கு. எவ்வளவு தேறும்னு சொல்ல முடியாது சார்” என்றார் ஸ்டூடியோக்காரர். கம்ப்யூட்டரில் பார்க்கும்படி மாற்றித் தரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் எனக்குப் போன் செய்யவில்லை.

என் மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து ஓடவிட்டாள். முதல் ஒரு நிமிடம் நாற்பது வினாடி முழுக்கக் கதவுதான். கீல், தாழ்ப்பாள், மறுபடியும் கீல்.

“கேமரா பிடிச்ச ஆளை உதைக்கணும்” என்றாள்.

பிடித்தது நான்.

பிறகு தம்பி வந்தான், கையில் வெல்டிங் குச்சியோடு. ஒரே ஒரு இடத்தில் பற்றவைக்கிற வேலை என்பதால் முகமூடியை எடுத்து முகத்தில் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னான், படத்தில் சத்தம் கிடையாது. அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் கண்ணை மூடினான். திரை வெளுத்தது.

“நிறுத்தும்மா” என்றேன்.

‘ரெடி’ என்றுதான் சொல்லியிருப்பான். தீ கிளம்புவதற்கு முன் அப்படிச் சொல்வதும், உடனே கண்ணை மூடிக்கொள்வதும் பட்டறை வழக்கம். படமெடுக்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், அடுத்த நொடி பளீரென்று வெளிச்சம் வந்தது. இருபத்து மூன்று முறை கவனமாக இருந்தவனைத்தான் நான் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன். ஆல்பத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தேன்.

“அதை அப்புறம் திருத்தலாம் பெரியப்பா” என்று படத்தை ஓடவிட்டாள். (அன்று மாலை திருத்தினேன். பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் ‘தொழில் பழக்கம்’, தேதி, கையெழுத்து.)

தம்பி குச்சியைக் கீழே வைத்தான். தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவில் சாய்ந்தான். நேராகப் பார்த்துச் சிரித்தான். பதினொரு வினாடி. அதன் பிறகு பூஞ்சை.

அவள் பின்னால் ஓட்டி, அந்த முகத்தில் நிறுத்தினாள்.

“அம்மா என்னை ஏமாத்தியிருக்கா. என் கண்ணு மாதிரியே இல்ல” என்றாள். பிறகு திரையில் நின்ற முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “கண்ணாடியைக் கழட்டுங்க பெரியப்பா.”

“எதுக்கும்மா?”

“கழட்டுங்களேன்.”

கழற்றினேன். திரை, மேஜை, அவள் முகம் எல்லாம் ஒன்றாகக் கலங்கிப்போயின. நாற்காலியை அருகே இழுக்கும் சத்தம் கேட்டது.

“இத்தனை வருஷமா வீட்டுலயே வெச்சுக்கிட்டு, இல்லை இல்லைன்னு சொல்லியிருக்கீங்க” என்றாள்.

எனக்கு அவள் முகம் தெரியவில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருக்கப் பார்த்தேன்.