அம்மாவின் டேலியாக் கிழங்குகள்

டேலியா குளிர்ந்த ஊர்ச் செடி. அதைத் திருவானைக்காவல் வெயிலில் வளர்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தவர் என் அம்மா. குன்னூரில் பிறந்தவர், கல்யாணமாகி வரும்போதே கிழங்கையும் கொண்டுவந்திருந்தார். ஐப்பசியில் நடுவார், தையில் பூக்கும், பங்குனியில் கிழங்கைத் தோண்டிக் கோடை முழுக்கப் பத்திரப்படுத்துவார். அந்த வேலையை அப்பாவோ நானோ நின்று பார்த்ததே இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில், செடி பூத்துக்கொண்டிருந்தபோதே, புற்றுநோய் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது.

பங்குனியில் அப்பா மண்வெட்டியை எடுத்தார். மண்ணச்சநல்லூர் விவசாயக் குடும்பம். "கிழங்கு வெவகாரம் எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். சேப்பங்கிழங்கைப் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக முறித்து, கழுத்தைச் சீராக நறுக்கி, நிழலில் உலர்த்தி, பானையில் ஆற்று மணலுக்குள் அடுக்கினார். மொட்டைத் தண்டு குப்பை வண்டிக்குப் போனது. சித்திரை பிறந்ததும் வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறி பானைப் பக்கம் திரும்பிவிட்டது; நாங்கள் இருவரும் வேர்த்து வழிந்தோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பானையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் சவரம் செய்வதையே விட்டிருந்தார். அந்தக் கோடையில் அக்கறையாகச் செய்தது இது ஒன்றுதான்.

ஐப்பசியில் நட்டார். பல் விளக்குமுன் போய் மண்ணைப் பார்ப்பார். ஒன்றும் முளைக்கவில்லை. இனி இந்த வீட்டில் எதுவும் சரியாகாது என்று எனக்கே தோன்றிவிட்டது.

கார்த்திகையில் அம்மாவின் தங்கை, என் சித்தி, குன்னூரிலிருந்து வந்தார்.

"தண்ட என்ன பண்ணினீங்க அத்தான்?"

"அது எதுக்கு? தூக்கிப் போட்டுட்டேன்."

சித்தி மண்ணருகே குனிந்து பார்த்தார். "முளைக்கிற கண்ணு தண்டோட அடியிலதான் இருக்கும் அத்தான். அதோட சேத்து வெட்டணும். வெறும் கிழங்கு சீக்கிரம் கெட்டுப்போகாது. ஆனா முளைக்கவே முளைக்காது."

நான் ஒன்றைத் தோண்டியெடுத்தேன். அன்றைக்குத்தான் எடுத்ததுபோலக் கெட்டியாக இருந்தது. அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே புதைத்து மண்ணை அணைத்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால், வாளியும் கையுமாக அங்கேயே நிற்கிறார். சித்தி சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "இது எப்பவுமே முளைக்காதுப்பா. கண்ணு இருந்த தண்ட நீங்க குப்பையில போட்டுட்டீங்க," என்று, டீச்சர் பாடம் நடத்துவதுபோல, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

"சரிம்மா" என்றார் அப்பா. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினார்.